ஃபார்மலினில் போன இரண்டு மாதம்

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையிலுள்ள போடன்சே ஏரியில் வலை இழுத்து டாஃப்னியா என்ற குட்டி நீர்த்தெள்ளுகளை அள்ளியது ஒரு நாள் வேலை. அதில் எது கேலியாட்டா, எது லாஞ்ஜிஸ்பினா, எது இரண்டுக்கும் பிறந்த கலப்பினம் என்று பிரிக்க எட்டு மாதம். அதில் இரண்டு மாதத்தை ஒரு புட்டி தின்றது.

கிளம்பும் முன் ஸ்டோர் ரூமில் மாதிரிப் புட்டி கேட்டேன். "வழக்கமானதுதானே?" என்றார் அங்கிருந்தவர். நானும் தலையாட்டிவிட்டேன். அவருக்கு வழக்கமானது, உயிரிகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் ஊற்றிய புட்டி. மிதவை உயிரிகளை எண்ணுகிறவர்களுக்கு அது போதும். டிஎன்ஏவை அது பாழாக்கிவிடும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் ஒவ்வொரு முறையும் டிஎன்ஏ பட்டை எதுவும் இல்லாத வெறும் ஜெல்லையே காட்டியது. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துணுக்கான பிரைமரைச் சந்தேகப்பட்டேன், மெஷினைச் சந்தேகப்பட்டேன், புட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. மறுபடி ஏரிக்கு. இந்த முறை எத்தனாலை நானே ஊற்றினேன். அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. கோடையில் கூராக நிற்கும் கேலியாட்டாவின் தலைக்கவசம் குளிர் வர வரத் தணிந்துவிடும். நடுத்தரமான தலை இருந்தால் கலப்பினம் என்று கையேடுகள் சொல்லும். எனக்கு எல்லாத் தலையும் நடுத்தரமாகவே தெரிந்தது.

சரி, மரபணுவே சொல்லட்டும் என்று செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவிலிருந்து தொடங்கினேன். வரிசைகள் அழகாக வந்தன, ஒரு கலப்பினம்கூட இல்லை! ஒரு மாலை முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வரும், கலப்பினமும் தாயின் இனமாகவே தெரியும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். மறுநாள் காலையில்தான் உறைத்தது.

அடுத்து ஐடிஎஸ் என்ற, பல பிரதிகளாக இருக்கும் டிஎன்ஏ பகுதியை நொதியால் வெட்டிப் பார்த்தேன். மலிவு, ஒரே நாளில் முடியும். இரண்டு இனத்தின் பட்டைகளும் சேர்ந்து வந்தால் கலப்பினம் என்பது கணக்கு. ஆனால் வெட்டுமிடம் மாறிப்போன லாஞ்ஜிஸ்பினா இருந்தால் அதுவும் கலப்பினம் போலவே வேஷம் போடும். கலப்பினம் மறுபடி தூய இனத்தோடு சேர்ந்து பிறக்கும் பின்கலப்பில் ஒரு பக்கத்துப் பிரதிகள் அடிபட்டுப்போனால் அது தூய இனமாகத் தெரியும். இதை மட்டும் நம்பி அட்டவணை போடாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தவை மைக்ரோசாட்டலைட்டுகள், அதாவது டிஎன்ஏவில் ஒரு சிறு துண்டு அடுத்தடுத்து திரும்ப வரும் இடங்கள். பல குறிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் முதல் தலைமுறைக் கலப்பையும் பின்கலப்பையும் பிரிக்க முடிகிறது. ஒப்பிட இரண்டு பெற்றோர் இனங்களின் தூய மாதிரிகள் கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மென்பொருள் மனம்போன போக்கில் கூறுபோடும். அப்புறம், ஒரே மரபணு வகை திரும்பத் திரும்ப வந்தால் குதிக்காதீர்கள். பெண்கள் ஆணில்லாமலே குஞ்சு பொரிக்கிற உயிர் இது. நான் ஒன்பது கலப்பினங்கள் என்று எண்ணியவை ஒரே குளோன், ஒரே மரபணு வகையின் நகல்கள்.

பழைய கட்டுரைகள் படிப்பவர்களுக்கு ஒன்று: அவற்றில் ஹயலினா என்று வருவது 2008இல் லாஞ்ஜிஸ்பினாவுடன் சேர்க்கப்பட்டுவிட்டது. அது தெரியாமல் நான்காவது இனம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் குழுவின் மூன்றாவது இனமான குகுல்லாட்டா எனக்குக் கிடைக்கவே இல்லை.

31ஆம் எண் புட்டியில் "சந்தேகமே இல்லை, கேலியாட்டா" என்று என் கையெழுத்திலேயே லேபிள் இருந்தது. அது முதல் தலைமுறைக் கலப்பினம். லேபிளை அடிக்காமல் பக்கத்தில் இன்னொன்றை ஒட்டியிருக்கிறேன்.