உப்புத் துளியில் நீலமாகும் தங்கம்: செய்து பார்த்த குறிப்பு

நீரில் மிதக்கும் தங்க நானோதுகள்கள்: ஒரே தங்கம், ஒரே அளவுத் துகள். இடைவெளி குறைந்தாலே மாதுளைச் சிவப்பு நீலமாகிவிடும். மின் இருமுனைகள் (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கொண்டவை) ஒன்றையொன்று பாதிப்பதை வெறுங்கண்ணால் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

துகள்களைத் தயாரிக்கும் செய்முறை 1951இல் அமெரிக்க வேதியியலர் ஜான் டர்கெவிச்சின் குழு வெளியிட்டதுதான். தங்கச் சேர்மமான குளோரோஆரிக் அமிலம் 0.1 கிராமை 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார். எடுக்க பிளாஸ்டிக் கரண்டிதான்; எஃகை இது அரிக்கும், தோலில் பட்டால் ஊதாக் கறை. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். இதில் 20 மி.லி. எடுத்துக் கலக்கிக்கொண்டே கொதிக்க வைத்து, 1% டிரைசோடியம் சிட்ரேட் 2 மி.லி.யை ஒரே தடவையில் ஊற்ற வேண்டும். மஞ்சள் மறையும், சாம்பல் கலந்த கருநீலம் வரும், பிறகு ஊதா, பத்து நிமிடத்தில் அடர்சிவப்பு. துகள் சுமார் 13 நானோமீட்டர். ஊதாவிலேயே நின்றுவிட்டால் முதலில் பாத்திரத்தைச் சந்தேகிக்கவும். பழைய கீறலும் அழுக்கும் துகள்களைத் திரள வைக்கும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது.

ஆறியதும் 3 மி.லி. எடுத்து, 1 மோலார் உப்புக் கரைசலை (100 மி.லி.க்கு 5.85 கிராம்) துளித்துளியாக விடவும். ஐந்து முதல் பத்துத் துளிக்குள் நீலம். அயோடின் சேர்த்த சமையல் உப்பு வேண்டாம். அதில் அயோடைடு இருந்தால் தங்கத்தில் ஒட்டிக்கொண்டு குழப்பும். பக்கத்துக் குழாயில் சர்க்கரைக் கரைசல் விட்டால் சிவப்பு அப்படியே இருக்கும். அயனி இல்லையே!

காரணம் இது. ஒளியின் மின்புலம் துகளின் எலக்ட்ரான்களை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு துகளும் கணநேர இருமுனை ஆகிறது. தனித் துகள் 520 நானோமீட்டர் அலைநீளத்தருகே பச்சையை விழுங்கும்; அதனால் சிவப்பாகத் தெரியும். துகள்களின் மேல் ஒட்டிய சிட்ரேட்டின் எதிர்மின்னூட்டம்தான் துகள்களை விலக்கி வைக்கிறது. உப்பு அதை மறைத்துவிடும்: 0.1 மோலாரில் விலக்கு விசை எட்டுவது 1 நானோமீட்டர் தூரம்தான். நெருங்கிய துகள்களின் இருமுனைகள் தலை-வால் என வரிசையாகும்போது, அடுத்ததன் புலம் எலக்ட்ரான்களை மீட்டிழுக்கும் விசையைத் தளர்த்துகிறது. அதிர்வெண் குறைகிறது, உறிஞ்சல் சிவப்புப் பக்கம் நகர்கிறது; சிவப்பு விழுங்கப்படுவதால் கண்ணுக்கு நீலம் எஞ்சுகிறது. இடைவெளி துகளின் விட்டத்தை எட்டினாலே விளைவு ஏறக்குறைய இல்லை.

டி.வி.டி. துண்டில் செய்த நிறமாலைமானியில் பச்சையில் இருந்த கருமை, உப்பு விழுந்ததும் ஆரஞ்சு, சிவப்பு வரை பரவுவது தெரியும். தளவிளைவாக்கியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) முன்னே வைத்துச் சுழற்றினால் மாற்றம் இராது. திரள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றனவே.

உப்புக்கு முன் 1% ஜெலட்டின் ஒரு துளி விட்டுக் கலக்கினால் சிவப்பு நிற்கும். வரிசை மாறினால் பயனில்லை: ஒட்டிய துகள்கள் தண்ணீர் சேர்த்தாலும் பிரியாது, மறுநாள் காலை அடியில் கருநீலப் படிவு, மேலே தெளிந்த நீர்.