எட்டாம் இடத்தில் விழும் வெட்டு

எம்.ஃபார்ம் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பெப்டைடு மருந்துகளை, அதாவது அமினோ அமிலச் சங்கிலியால் ஆன மருந்துகளை, உடலில் சீக்கிரம் சிதையாமல் நிலைப்படுத்தும் வழிகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்: டி-அமினோ அமிலம் (வழக்கமான அமினோ அமிலத்தின் கண்ணாடி பிம்பம்), வளையமாக்கல், கொழுப்பு அமிலம், பெக் என்ற பாலிமர். வெளித்தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. ஜி.எல்.பி-1ஐ என்சைம் எங்க வெட்டும்?" என்றார். முழித்தேன். ஜி.எல்.பி-1 என்பது சாப்பிட்டதும் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டும் பெப்டைடு ஹார்மோன்.

வீடு காசிமேட்டில். மறுநாள் மீன் வாங்கப் போனபோது, வெட்டித் தரும் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவுளுக்குப் பின்னால் ஒரே இடத்தில்தான் அரிவாள்மனை இறங்குகிறது. மீன் மாறினாலும் அந்த இடம் அவருக்குத் தெரிகிறது. நான் வெட்டைப் பார்க்காமல் கட்டுப் போடும் விதங்களை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஜி.எல்.பி-1இன் வரிசையை எழுதினேன். ஹிஸ்டிடின், அலனைன், குளுட்டாமிக் அமிலம்... தேர்வாளர் கேட்ட என்சைம் டி.பி.பி-4தான்; அது அந்த அலனைனுக்கு அடுத்து வெட்டுகிறது. ரத்தத்தில் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 2 நிமிடம்தான். இரண்டாவதாக நிற்கும் அலனைனுக்கு எண் 8. முன்னோடிச் சங்கிலியில் முதல் ஆறு கழன்றுவிடுவதால் எண் 7இல் தொடங்குகிறது. இதில் நான் இரண்டு நாள் குழம்பினேன்.

அப்புறம் ஜி.எல்.பி-1ஐ மாற்றிச் செய்த சர்க்கரை நோய் மருந்துகளை அதற்குக் கீழே எழுதினேன். லிராகுளுடைடு அலனைனைத் தொடவே இல்லை. 26ஆம் லைசினில் 16 கார்பன் கொழுப்பு அமிலத்தை மாட்டி ரத்தப் புரதமான அல்புமினைப் பிடித்துக்கொள்கிறது. அரை ஆயுள் சுமார் 13 மணி நேரம். செமாகுளுடைடில் அலனைனுக்குப் பதில் ஏ.ஐ.பி (அமினோஐசோபியூட்ரிக் அமிலம்), ஒரு மெத்தில் தொகுதிதான் கூடுதல், ஆனால் வெட்டு விழுவதில்லை. கூடவே இரு முனையிலும் அமிலத் தொகுதி உள்ள 18 கார்பன் கொழுப்பு இரட்டை அமிலம். சுமார் ஒரு வாரம் தாங்குகிறது. 34ஆம் லைசினை அர்ஜினினாக மாற்றியதும் காரணமாகத்தான்: கொழுப்பு தவறான லைசினில் ஒட்டக்கூடாதே.

செமாகுளுடைடின் மாத்திரை வடிவத்தையும் விடாதீர்கள். கூடவே 300 மி.கி. ஸ்னாக் என்ற துணைப்பொருள் இருக்கிறது, மாத்திரை கரையும் இடத்தில் அமிலத்தைத் தணித்து, வயிற்றில் புரதத்தை வெட்டும் பெப்சினைத் தடுக்கிறது. அப்படியும் ஒரு சதவீத அளவில்தான் ரத்தத்துக்குப் போகிறது. வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

இதே மாதிரி சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனான வாசோபிரசினையும், அதை மாற்றிச் செய்த மருந்தான டெஸ்மோபிரசினையும் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். மாற்றம் இரண்டே இடத்தில், 1இலும் 8இலும். ஏன் அந்த இரண்டு என்று பாடப் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லிப் பாருங்கள்.