வாசித்துக் காட்டும் புத்தகத்தை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்

சிறுவர் புத்தக அலமாரி முன்னால் நிற்கும்போது நாம் பெரும்பாலும் கண்ணால்தான் தேர்வு செய்கிறோம். அட்டை அழகாக இருக்கிறதா, உள்ளே படம் நிறைய இருக்கிறதா, விலை என்ன, இந்த மூன்றோடு முடிந்துவிடும். பிள்ளை தானே எடுத்துப் புரட்டப்போகிற புத்தகம் என்றால் அது போதும். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து நாம் சத்தமாக வாசித்துக் காட்டப்போகிற புத்தகம் என்றால் போதாது. அது நம் வாய்வழியே போய் அவர்கள் காதில் விழவேண்டிய புத்தகம். கடையிலேயே ஒருமுறை வாயில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள். அதை எல்லோருமே கவனமாக எழுதியிருப்பார்கள். நடுவில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களைத் திறந்து, கதை சொல்லும் வேகத்தில் முணுமுணுத்து வாசியுங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது, எந்த இடத்தில் திரும்பிப் போய் மறுபடி வாசிக்கிறீர்கள், எந்தச் சொல்லை வாய் தானாகவே மாற்றிச் சொல்கிறது என்று கவனியுங்கள். இரண்டு பக்கத்துக்குள் நாலைந்து இடத்தில் இப்படித் தட்டினால் அந்தப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடலாம். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

வாய் ஏன் சொல்லை மாற்றுகிறது என்பதுதான் தமிழில் பெரிய விஷயம். நம் எழுத்து ஒரு தமிழ், பேச்சு இன்னொரு தமிழ். ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘சென்றாள்’, ‘கூறினாள்’, ‘இல்லம்’, ‘மிகவும் மகிழ்ச்சியடைந்தாள்’ எல்லாம் பாதி அந்நியம். அதற்காக எழுத்துத் தமிழே வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது. நாளைக்கு அந்தப் பிள்ளை தானே வாசிக்கப்போவது அந்தத் தமிழைத்தான். கண் சந்திப்பதற்கு முன்னால் காது அதைப் பழகிக்கொள்ளட்டும் என்பதற்காகவும்தானே வாசித்துக் காட்டுகிறோம்? ஆகவே எழுத்துத் தமிழிலேயே பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் நடையைத் தேடவேண்டும்: போனாள், சொன்னாள், வீடு, ரொம்பச் சந்தோஷம். கதையோட்டம் இப்படி எளிய எழுத்து நடையிலும், பாத்திரங்கள் பேசும் பேச்சு பேச்சுத் தமிழிலும் இருக்கிற புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் எழுத்து நடையிலேயே இருந்தால் சமாளித்துவிடலாம். ‘எனக்குப் பசிக்கிறது அம்மா’ என்று அச்சாகியிருப்பதை ‘எனக்குப் பசிக்குதும்மா’ என்று வாசித்தால் ஒன்றும் கெட்டுவிடாது, கதைக்கு உயிர் வரும். கதையோட்டத்தையும் வரிக்கு வரி மாற்றவேண்டி வருகிறது என்றால்தான் சிக்கல். அப்போது நாம் புத்தகத்தை வாசிக்கவில்லை, கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். கதை சொல்வது அருமையான கலைதான். ஆனால் அதற்குப் புத்தகம் கையில் வேண்டியதில்லை; எழுத்து நடையும் பிள்ளைகள் காதில் விழாது. நம் ஊர் வழக்கில் இல்லாத சொல் வந்தால் பயப்படவேண்டாம். ஈழத்துப் புத்தகத்தில் ‘கதைத்துக்கொண்டிருந்தார்கள்’ என்று இருந்தால் அப்படியே வாசியுங்கள். படத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும், ஒரு சொல்லும் கூடுதலாகக் கிடைக்கும்.

அடுத்து வாக்கியம். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ‘நேற்று சந்தையில் மாமா வாங்கிக்கொடுத்த சிவப்பு ரிப்பன் கட்டிய பொம்மையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போன மீனா’ என்று ஒரு வாக்கியம் போனால், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே பிள்ளைக்குக் கடைசியில்தான் தெரியும். அதுவரை சொன்ன அத்தனையையும் மனதில் பிடித்துவைத்திருக்கவேண்டும். கண்ணால் வாசிப்பவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம், காதால் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ஐந்தாறு சொல்லில் முடியும் வாக்கியங்கள் அதிகமாகவும், நடுநடுவே பத்துப் பன்னிரண்டு சொல்லில் ஒன்றும் இருந்தால் காதுக்கு இதமாக இருக்கும். எல்லாமே மூன்று சொல் வாக்கியமாக இருந்தால் அது தானே எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் பிள்ளைக்கான புத்தகம். வாசித்துக் காட்டினால் மொட்டை மொட்டையாக ஒலிக்கும்.

‘என்றது’ எங்கே வருகிறது என்றும் பாருங்கள். பேச்சு முழுவதும் முடிந்த பிறகு ‘என்று கேட்டது நரி’ என்று வந்தால், அதுவரை முயலின் குரலில் வாசித்துவந்த நாம் மாட்டிக்கொள்வோம். நல்ல கதையை இந்த ஒரு காரணத்துக்காக விடவேண்டாம். பென்சிலால் பேச்சுத் தொடங்கும் இடத்தில் ‘ந’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

பென்சிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தமிழ் அச்சில் சொல்லை வரியின் கடைசியில் கோடு எதுவும் போடாமலே உடைப்பார்கள். ‘பறந்துகொண்டி’ ஒரு வரியிலும் ‘ருந்தது’ அடுத்த வரியிலும் இருந்தால் வாசிப்பு அங்கே கட்டாயம் இடறும். ‘மரத்திலிருந்திறங்கி’ போன்று புணர்ந்துகிடக்கும் சொற்களில் எங்கே பிரிக்கலாம் என்று சின்னக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வல்லின எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி இருப்பதால், ‘தீபு’, ‘பாலு’ மாதிரியான பெயர்களை எப்படிச் சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும். மூன்றாம் பக்கத்தில் ஒரு மாதிரியும் ஏழாம் பக்கத்தில் வேறு மாதிரியும் சொன்னால் ‘இது யாரு, புதுசா?’ என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

மொழிபெயர்ப்புப் புத்தகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். மூலத்தில் எதுகையோடு ஓடிய பாட்டு தமிழில் உரைநடையாகிச் செத்துக் கிடக்கும். ‘நான் உன்னை நேசிக்கிறேன், அம்மா’ என்று எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ‘ஓ, அன்பே’ என்று பாட்டி பேரனை அழைப்பதில்லை. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டாலே புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நல்ல மொழிபெயர்ப்பு வாசிக்கும்போதே தெரிந்துவிடும், வாய் எங்கும் இடறாது. பனி பெய்யும் ஊர், கங்காரு ஓடும் காடு என்று கதை எங்கே நடந்தாலும் பரவாயில்லை. மொழி நம்முடையதாக இருக்கவேண்டும்.

காதுக்குப் பிடிப்பவை இரண்டு. ஒன்று ஒலிக்குறிப்புச் சொற்கள்: மடமடவென, சலசலவென, தொபுக்கடீர், கிறீச். இந்த விஷயத்தில் தமிழ் செல்வச் செழிப்பான மொழி. அதைப் பயன்படுத்தாமல் ‘சத்தத்துடன் விழுந்தது’ என்று எழுதியிருக்கும் புத்தகத்தைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். இன்னொன்று திரும்பத் திரும்ப வரும் வரி. பாட்டுக்குப் பல்லவி மாதிரி அது நாலிலிருந்து ஆறு சொல்லுக்குள் இருக்கவேண்டும், குறைந்தது நாலு முறை வரவேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல்லாவது மாறினால் இன்னும் நல்லது. கடையில் இரண்டு தரம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிச் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு நினைவில் நின்றால் பிள்ளைகள் மூன்றாவது முறை நம்மை முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை முதன்முதலாகச் சத்தமாகப் பேசுவது பெரும்பாலும் இந்த வரியைத்தான். கூட்டத்தோடு சேர்ந்து சொல்வதால் தப்பாகிவிடுமோ என்ற பயம் அங்கே இல்லை.

படத்தைக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள். புத்தகத்தை யாரிடமாவது கொடுத்து மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி வரிசை அவ்வளவு தூரத்தில்தான் இருக்கும். யார் என்ன செய்கிறார்கள் என்று அங்கிருந்து தெரியவில்லை என்றால், அந்தப் புத்தகம் மடியில் உட்காரவைத்து வாசிக்க ஏற்றது, வகுப்புக்கு ஆகாது. வகுப்புக்கு ஏ4 அளவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. நடுவில் பின் அடித்த புத்தகம் நன்றாக விரிந்து நிற்கும். முதுகில் பசை ஒட்டிய புத்தகத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக இருந்தால் நடுவில் உள்ள யானை மடிப்புக்குள் போய்விடும். பளபளக்கும் ஆர்ட் தாள் வெளிச்சம் பட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். ஜன்னலைப் பார்த்து உட்காராமல், முதுகை ஜன்னலுக்கும் காட்டாமல், வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரும்படி உட்கார்ந்தால் ஓரளவு சரியாகும்.

பக்கம் திருப்பும் இடமும் முக்கியம். ‘புதருக்குள் என்னமோ அசைந்தது’ என்ற வரி ஒரு பக்கத்தின் கடைசியிலும், புலி அடுத்த பக்கத்திலும் இருக்கவேண்டும். எதிர்ப் பக்கத்திலேயே புலியை வரைந்துவைத்தால் நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் ‘புலி, புலி’ என்று கத்திவிடுவார்கள். பிறகு அந்த வரியை எந்தக் குரலில் வாசித்தும் பயனில்லை.

நீளத்துக்குக் கணக்கு எளிது. படம் காட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 70 முதல் 80 சொல் போகும். தாள் திருப்பவும் படத்தைச் சுற்றிக் காட்டவும் பக்கத்துக்குப் பத்து விநாடி சேர்த்துக்கொள்ளுங்கள். 250 சொல், 16 பக்கம் உள்ள புத்தகம் ஆறேழு நிமிடத்தில் முடியும். ஒன்றாம் வகுப்புக்கு அது கச்சிதம். 600 சொல் என்றால் பன்னிரண்டு நிமிடம். இரண்டாம் வகுப்பு தாங்கும். 1500 சொல்லை மூன்றாம் வகுப்புக்குக்கூட இரண்டு நாளாகப் பிரித்துத்தான் வாசிக்கவேண்டும். அப்படிப் பிரிக்க நடுவில் நல்ல நிறுத்தம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

இந்த எண்களைச் சும்மா சொல்லவில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை நாலு நிலையாகப் பிரித்திருப்பது ஏறக்குறைய இந்த அளவுகளில்தான்: 250 சொல் வரை, 600 வரை, 1500 வரை, அதற்கு மேல். 2015-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம், சுவரில் பெரிதாகக் காட்டலாம். அதற்கு உரிமம் அனுமதிக்கிறது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களும் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகளில் வந்திருக்கின்றன. ஆனால் இந்தப் படிகள் எல்லாம் பிள்ளை தானே வாசிப்பதற்குப் போட்டவை. இந்த வயதில் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் வாசிக்கும் திறனைவிட முன்னால் ஓடும். அதனால் வாசித்துக் காட்ட ஒரு படி, சில கதைகளுக்கு இரண்டு படி மேலே போகலாம். எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளை ‘ஓடு’ நிலைக் கதையைக் கேட்டுவிட்டு மற்றவர்களுக்கு இணையாகக் கேள்வி கேட்கும்.

புதுச் சொற்கள் ஒரு கதைக்கு நாலைந்து இருக்கட்டும். பத்துக்கு மேல் போனால் விளக்குவதிலேயே கதை அறுந்துவிடும். விளக்கமும் வாசிப்போடு ஒட்டியே வரவேண்டும்: ‘பரண்மேல் ஏறினாள், மேலே சாமான் போட்டுவைப்போமே, அது.’ அவ்வளவுதான். நிறுத்திவைத்து ‘பரண் என்றால் என்ன, யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டால் கதைநேரம் பாடவேளை ஆகிவிடும்.

நீதி பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி ‘நீதி’ என்று போட்டிருந்தால் அதை வாசிக்காதீர்கள். கதையை அனுபவித்துக் கேட்ட பிள்ளை தானாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். கட்டம் அதை இழுத்துவந்து ஒரு வரியில் கட்டிப்போடும். கதை நன்றாக இருந்து கட்டம் மட்டும் தொந்தரவு என்றால் மேலே ஒரு தாளை ஒட்டிவிடலாம். நீதிக்காகவே எழுதிய கதை என்றால் வாங்கவேண்டாம்.

நம் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டு வாசியுங்கள். கறுப்பாக இருப்பவன் திருடன், குண்டாக இருப்பவள் தீனிப்பண்டாரம், கால் ஊனமானவருக்குக் கேலிப்பெயர் என்று பழைய கதைகளில் சர்வசாதாரணமாக வரும். வாசித்த மறுநாளே அந்தப் பெயர் விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளைமேல் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொல்லை மாற்றினால் சரியாகும் என்றால் மாற்றி வாசிக்கலாம். கதையே அந்தக் கேலியின்மேல் நின்றால் எடுக்கக் கூடாது. சாவு, குடி, சண்டை வரும் கதைகள் வேறு. அவற்றைத் தவிர்க்கவேண்டியதில்லை. அண்மையில் வீட்டில் இழப்பு நேர்ந்த பிள்ளை இருந்தால் அந்த வாரம் மட்டும் தள்ளிவைத்தால் போதும்.

எங்கே தேடுவது? நேரு பால புத்தகாலய வரிசையில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடுபவை, தூலிகாவின் படக்கதைகள், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகள் ஆகியவற்றில் தொடங்கலாம். இருமொழிப் புத்தகம் எடுத்தால் தமிழை மட்டும் ஒரே மூச்சாக வாசியுங்கள். வரிக்கு வரி ஆங்கிலத்தையும் சேர்த்தால் இரண்டு மொழியிலும் கதை ஓடாது. வாங்குவதற்கு முன் வாசித்துப் பார்க்கச் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வசதியானவை, இரண்டிலும் சிறுவர் பிரிவு உண்டு.

வாங்கிய புத்தகத்தின் உள்ளட்டையில் பென்சிலால் மூன்று விவரம் எழுதிவையுங்கள்: எந்த வகுப்புக்கு வாசித்தது, எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள். வேறொரு வகுப்புக்கு வாசிக்கும்போதும் அதே பக்கத்தில் நெளிந்தால் குறை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வரியைத் தாண்டி வாசிக்கலாமா என்று பாருங்கள். முதல் மூன்று பக்கத்திலேயே நெளிந்தால் அன்றைக்கு மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள். ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் இருக்கும் நேரத்தில் அதே புத்தகத்தை இன்னொரு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அலமாரியிலிருந்து எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்யலாம்.