மூத்தவளும் இளையவளும்

குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். இரண்டாம் திருமணத்தால் வரும் சிக்கல்களில் அந்தக் கணவரை நான் பார்ப்பதே அரிது. ஒன்று இறந்திருப்பார், இல்லையென்றால் தலைகாட்ட மாட்டார். அலைவதெல்லாம் பெண்கள்தான்.

சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணம் 1949-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 1955-இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதையே விதித்தது. ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆனால், இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளுடன் நடந்தது என்று நிரூபித்தால்தான் குற்றம் நிற்கும் என்று 1965-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருக்கும் தெரியாமல் எங்கோ ஒரு கோயிலில் கட்டிய தாலிக்கு மூத்தவள் எங்கே போய்ச் சாட்சி தேடுவாள்? "நான் அவளைக் கட்டவே இல்லை" என்று கணவர் மறுத்துவிட்டால் போதும். இளையவள் ஜீவனாம்சம் கேட்டு வந்தாலோ, "எனக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, இவளைக் கட்டியது செல்லாது" என்பார். இரண்டு வாதமும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்டிருக்கிறேன். எரிச்சலாக வரும். முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவர் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது கொஞ்சம் ஆறுதல்.

பிள்ளை இல்லை என்பதற்காகத் தங்கையையே இளைய தாரமாக்கச் சம்மதித்த பெண்களை அந்தக் காலத்தில் பார்த்திருக்கிறேன். இன்று வருகிறவர்கள் கைப்பேசியில் புகைப்படம், ரேஷன் கார்டு நகல் என்று ஆதாரத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் மகள்தான் அழைத்து வருகிறாள்.

ஒருமுறை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கணவர் அரசு ஊழியர், இறந்துவிட்டார். பணிப்பதிவேட்டில் மூத்தவரின் பெயர் மட்டும். காகிதங்கள் எல்லாம் மூத்தவருடைய மஞ்சள் பையில். இளையவருடைய ஆதார் நகலும் அதற்குள்தான்.

"ஓய்வூதியம் எனக்கு வரும், தெரியும் வக்கீலம்மா. இவள் பையனுக்கு என்ன வழி?"

திருமணம் செல்லாவிட்டாலும் பிள்ளை சட்டப்படியான பிள்ளைதான் என்றேன். தகப்பனின் சொத்தில் உரிமை உண்டு. பூர்வீகச் சொத்தில் தகப்பனுக்குச் சேர வேண்டிய பாகத்திலும் உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று விளக்கினேன்.

"அப்படியானால் என் பிள்ளைகளின் பங்கு குறையுமா?"

"குறையும்."

இளையவர் தலை நிமிரவில்லை. மூத்தவர் பையின் வாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சரி. ஆனால் இதை என் தம்பியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் சண்டைக்கு வருவான்."