சுங்கை சிப்புட்டில் ஓர் இணையவழி உரை: 'அதே நேரம்' என்று எழுதியதால் வந்த வினை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவரிசையின் மேல்மாடியில் இயங்கும் டியூஷன் மையம் ஒன்றில், நிரலாக்கம் பயிலும் இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். பெரும்பாலோர் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். இத்தகைய கூட்டங்களுக்காகக் கோலாலம்பூர் போய்வந்தால் ஒரு நாளே போய்விடும் என்பதால், கலிபோர்னியாவில் பணிபுரியும் தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவரை, பொது ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்டுப் பெறும் வழி) அமைப்பதைப் பற்றி இணையவழியில் பேச அழைத்தேன். தேதியைக் கொடுத்தால் அன்றைய திதியையும் நட்சத்திரத்தையும் தரும் பஞ்சாங்க ஏபிஐ ஒன்றை அவர் கட்டி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்து வைத்திருந்தார்.

2025 நவம்பர் 2, ஞாயிறு காலை 10 மணி என்று முடிவாயிற்று. அவருக்கு அது சனிக்கிழமை மாலை 7 மணி. முதல்நாள் இரவு பெய்த மழையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழ, எங்கள் கடைவரிசைக்கு நண்பகல் வரை மின்சாரம் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டு, "மன்னிக்கவும் அண்ணே, அடுத்த ஞாயிறு அதே நேரம் வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதினேன். "தாராளமாக, தம்பி" என்றார்.

'அதே நேரம்' என்பதுதான் பிழை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் நவம்பர் முதல் ஞாயிறன்று கோடைநேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுகிறார்கள். தீபகற்ப மலேசியாவிலோ 1982 பிறந்தபோது அரை மணி முன்னே தள்ளியதோடு சரி, பிறகு எவரும் கடிகாரத்தைத் தொடவில்லை. எனவே இப்படியொரு வழக்கம் இருப்பதே என் நினைவுக்கு வரவில்லை. மறுவாரம் எங்கள் 10 மணி அவருக்கு மாலை 6 மணி. அவரோ சொன்ன சொல் தவறாமல் தம் 7 மணிக்கு வந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பேரில் பாதிப்பேர் எதிரே ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கப் போய்விட, அவர்களைத் திரட்டி மாடிக்குக் கொண்டுவருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உரையின் முதற்பகுதி தெளிவாகவே போயிற்று. அதை இங்கே விரிக்கவில்லை. எல்லோரும் தத்தம் மடிக்கணினியிலிருந்து ஏபிஐயை அழைத்துப் பாருங்கள் என்று அவர் சொன்னதும்தான் சிக்கல் எழுந்தது. சிலருக்கு மட்டும் பதில் வர, மற்றவர் திரைகளில் 429 என்ற எண் வந்து நின்றது. அளவுக்கு மீறி அழைக்கிறீர்கள் என்பது அதன் பொருள். ஓர் ஐபி முகவரிக்கு, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணுக்கு, நிமிடத்துக்கு 30 அழைப்புகள் என அவர் வரம்பு வைத்திருந்தார். ஒரே ரௌட்டரின் வழியே வெளியேறிய நாங்கள் இருபத்திரண்டு பேரும் அவருடைய சர்வருக்கு ஒரே ஆளாகத் தெரிந்தோம். அவர் சிரித்துக்கொண்டே வரம்பை உயர்த்தினார். முகவரியை வைத்து எண்ணாமல், ஆளுக்கொரு சாவி (அவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) கொடுத்து எண்ணியிருக்க வேண்டும் என்று அவர் விளக்கியது, தயாரித்து வந்த உரையைவிட எங்களுக்கு நன்றாக விளங்கியது என்றே சொல்வேன்.

பதில்கள் வரத் தொடங்கியபின், பின்வரிசையிலிருந்த படிவம் ஐந்து மாணவி எழுந்தாள்.

"அண்ணே, திதி முடிவு 18:42 என்று வந்திருக்கிறதே, இது எந்த ஊர் நேரம்?"

சற்று நேரம் பேச்சில்லை. அது இந்திய நேரம். அதாவது நமக்கு இரவு 9.12. கோயிலிலோ வீட்டிலோ விரதம் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரம் சிறிய விஷயமன்று. முந்தின வாரம் எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் நான் செய்த பிழையையே அவருடைய ஏபிஐயும் செய்துகொண்டிருந்தது.

மறுவாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நேரத்தோடு, உலகப் பொது நேரத்திலிருந்து +05:30 என்ற வேறுபாட்டையும் காட்டும் புதிய புலம் ஒன்றைப் பதிலில் சேர்த்துவிட்டாராம். ஆனால் பழைய புலத்தை நீக்கவில்லை. அதை நம்பி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் நின்றுபோகும் என்பதால் இரண்டும் அருகருகே இருக்கின்றன.