இன்ஸ்டால் ஆகவில்லையா? மறுபடி கிளிக் செய்யும் முன் லாக்கைத் திறங்கள்

ஒரே இன்ஸ்டாலரை ஒரே நாளில் 11 தடவை ஓடவிட்டிருக்கிறேன். ஸ்கேனருக்கான மென்பொருள் அது. பச்சைப் பட்டை முக்கால்வாசி வரை நன்றாகப் போகும், அங்கே கொஞ்ச நேரம் நிற்கும், அப்புறம் மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பிக்கும், கடைசியில் 1603 என்று ஓர் எண்ணைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துப் பார்த்தேன். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக டவுன்லோட் செய்தும் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே முக்கால்வாசி, அதே எண். மறுநாள் பொறுமை போய், கம்ப்யூட்டரையே ஃபார்மட் செய்து விண்டோஸை முதலிலிருந்து போட்டேன். பழையபடி என் பெயரைத் தமிழில் தட்டி யூசர் கணக்கு உருவாக்கினேன். வேறு எதையும் போடாமல் அந்த இன்ஸ்டாலரைத்தான் முதலில் ஓடவிட்டேன். மறுபடி முக்கால்வாசி. மறுபடி 1603.

புதிதாகப் போட்ட விண்டோஸில், வேறு எந்த மென்பொருளும் இல்லாதபோது, அதே இடத்தில் அதே பிழை வருகிறது என்றால், 'விண்டோஸ் எங்கேயோ கெட்டுப்போயிருக்கிறது' என்று நான் நினைத்தது தப்பு. அது உறைத்த பிறகுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். இன்ஸ்டாலர் என்னென்ன செய்தது என்று எழுதிவைக்கும் லாக் கோப்பைத் திறந்து படித்தேன். காரணம் கிடைக்க 10 நிமிடம் ஆனது. அதற்கு முன் ஒன்றரை நாள் போயிருந்தது, கூடவே பேக்கப் எடுக்க விட்டுப்போன சில ஃபோட்டோக்களும். வேறு யாரும் இப்படி ஃபோட்டோக்களை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1603 என்று தேடினால் ஏகப்பட்ட பதில்கள் வரும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. எம்எஸ்ஐ என்ற வகை இன்ஸ்டால் கோப்புகளைக் கையாள்வதற்கு விண்டோஸுக்குள்ளேயே 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' என்று ஒரு பகுதி உண்டு, ஆபீஸ் 2000 காலத்திலிருந்து இருக்கிறது. அது 1603 என்று சொன்னால், நிறுவும் வேலையில் ஏதோ ஒரு படி தோற்றுவிட்டது, மேலே போக முடியவில்லை என்று மட்டும்தான் பொருள். எந்தப் படி, எதனால் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. தோற்றவுடன் அதுவரை போட்ட கோப்புகளையும் ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடத்தில், செய்த மாற்றங்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துவிடும். பட்டை பின்னால் நகர்வது அதனால்தான். கம்ப்யூட்டரில் அரைகுறையாக எதுவும் தங்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்று நாம் போகும்போது டிஸ்க்கில் தடயம் எதுவும் இருக்காது, லாக் ஒன்றைத் தவிர.

எல்லா எண்களும் இப்படி இல்லை. 1618 வந்தால் பின்னணியில் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் ஏதாவது அப்டேட்டாக இருக்கும், அது முடியும்வரை காத்திருந்தால் போதும். 1638 என்றால் அதே மென்பொருளின் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1619 வந்தால் பேக்கேஜையே திறக்க முடியவில்லை, டவுன்லோட் பாதியில் நின்ற கோப்பா என்று பாருங்கள். 3010 பிழையே இல்லை, வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. இதைப் பார்த்துப் பயந்து அன்இன்ஸ்டால் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, லாக்கை எப்படி எடுப்பது? எம்எஸ்ஐ கோப்பாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'எம்எஸ்ஐ எக்ஸெக்' கட்டளையில் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஸ்லாஷ், எல், நட்சத்திரக் குறி, வி ஆகிய நான்கையும் இடைவெளி இல்லாமல் தட்டி, லாக் எங்கே எழுதப்பட வேண்டும் என்ற இடத்தையும் கொடுக்க வேண்டும். சில இன்ஸ்டாலர்கள் கேட்காமலேயே டெம்ப் ஃபோல்டரில், அதாவது தற்காலிகக் கோப்புகளுக்கான ஃபோல்டரில், லாக் எழுதிவைக்கும், அதனால் பிழை வந்த உடனே அந்த ஃபோல்டரைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். இன்னோ செட்டப் வகை இன்ஸ்டாலராக இருந்தால், ஓடவிடும்போது 'ஸ்லாஷ் லாக்' சேர்த்தால் போதும், டெம்ப் ஃபோல்டரில் 'செட்டப் லாக்' என்று தொடங்கும் கோப்பு வந்து உட்காரும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பகுதிக்குப் போய் 'எம்எஸ்ஐ இன்ஸ்டாலர்' எழுதிய பதிவுகளைப் பாருங்கள், சுருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு நூல் கிடைக்கும்.

எம்எஸ்ஐ லாக் ஆயிரக்கணக்கான வரிகள் வரும். முழுதும் படிக்கத் தேவையில்லை, கடைசி வரியிலிருந்தும் ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் கடைசியில் இருப்பது எல்லாம் திரும்ப எடுக்கும் வேலையின் பதிவுகள். மேலே இருந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் எங்கே அகப்படுகிறதோ, அதற்கு மேலே இருக்கும் பத்து இருபது வரிகளில்தான் பெரும்பாலும் விஷயம் இருக்கும். கீழே அதே சொல் மறுபடி மறுபடி வரும், அதெல்லாம் முதல் தோல்வியின் விளைவு.

என் லாக்கில் அந்த இடத்துக்கு மேலே ஒரு ஃபோல்டர் பாதை இருந்தது. யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். லாக்கின் மற்ற எல்லா இடங்களிலும் பெயர் தமிழில் சரியாகவே இருந்தது, அந்த ஒரு வரியில் மட்டும் இப்படி. இன்ஸ்டாலர் நடுவில் ஒரு சின்ன நிரலைக் கூப்பிடுகிறது, அது பழைய காலத்தில் எழுதப்பட்டது, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறை தெரியாதது. இப்படிப்பட்ட நிரல்களுக்கு விண்டோஸ் எழுத்துகளைப் பழைய 'கோடு பேஜ்' என்ற எழுத்து அட்டவணை ஒன்றுக்கு மாற்றிக் கொடுக்கும். கிரேக்கம், அரபி, தாய் மொழிகளுக்கெல்லாம் அப்படி ஒரு கோடு பேஜ் உண்டு. தமிழுக்குக் கிடையாது, விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். அதனால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறிப் போகிறது. விண்டோஸில் எந்தக் கோப்புக்கோ ஃபோல்டருக்கோ கேள்விக்குறி வைத்துப் பெயரிட முடியாது, ஆகவே இருக்கவே முடியாத ஓர் இடத்தை அந்த நிரல் தேடிவிட்டுத் தோற்றுப்போய்த் திரும்பியிருக்கிறது. ஃபார்மட் செய்த பிறகும் அதே பெயரைத் தமிழில் தட்டியது நான்தானே, அதனால்தான் பிழையும் அப்படியே இருந்தது.

சி டிரைவில் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் உருவாக்கினேன். 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' பகுதிக்குப் போய் டெம்ப், டிஎம்பி ஆகிய இரண்டையும் அந்த ஃபோல்டருக்கு மாற்றினேன். லாக் ஆஃப் செய்து உள்ளே வந்து ஓடவிட்டேன், 4 நிமிடத்தில் இன்ஸ்டால் முடிந்தது.

அதற்கப்புறம் நண்பர்களின் கம்ப்யூட்டர்களில் நிறைய லாக்குகள் படித்துவிட்டேன். அடிக்கடி கண்ணில் படும் காரணங்கள் சிலவற்றைச் சொல்கிறேன், வரிசை எதுவும் இல்லை.

முதலில் ரீஸ்டார்ட். 'ஷட் டவுன் செய்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தேனே' என்பார்கள். விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது, அது ஆன் செய்யப்பட்டிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடாது, டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். மெனுவில் 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். முந்தைய அப்டேட் ஒன்று கோப்புகளை மாற்ற ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கும்போது நீங்கள் எத்தனை நாள் ஷட் டவுன் செய்தாலும் அந்த வேலை பாக்கியாகவே நிற்கக்கூடும்.

இடம் இல்லாதது அடுத்தது. டி டிரைவில் நிறைய இடம் இருக்கிறது, அங்கேதானே போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இன்ஸ்டாலர்கள் முதலில் டெம்ப் ஃபோல்டரில்தான் தங்களை விரித்துக்கொள்ளும், அது சி டிரைவில் இருக்கிறது.

இந்த இடப் பிரச்சினையைத் தீர்க்கப் போய்ப் பலர் செய்கிற ஒரு காரியம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் ஒன்று உண்டு, சில கம்ப்யூட்டர்களில் பத்து இருபது ஜிபி கூட இருக்கும். பார்த்தால் குப்பை மாதிரி, புரியாத பெயர்களில் கோப்புகள். அழித்தால் அன்றைக்கு எதுவும் ஆகாது, இடமும் கிடைக்கும், எல்லாம் நன்றாகவே ஓடும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் பழுது பார்க்க, அப்டேட் செய்ய, நீக்கத் தேவையான பிரதி அங்கேதான் இருக்கிறது. மாதங்கள் கழித்து ஒரு புதுப் பதிப்பு வரும், பழையதை நீக்கிவிட்டுத்தான் அது உட்காரும், நீக்குவதற்கு வேண்டிய பிரதி இல்லை, 1612 அல்லது 1714 என்று நின்றுவிடும். பழையதும் போகாது, புதியதும் வராது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ப்ரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால்' டிரபிள்ஷூட்டரை ஓடவிட்டுப் பாருங்கள், பழைய பதிவுகளை அது பல நேரம் எடுத்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர் என்று விற்கும் எதையும் தயவுசெய்து தொடாதீர்கள்.

'இந்த டிஎல்எல் கோப்பு இல்லை' என்று வந்தால் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பு அது), அந்த ஒரு கோப்பை மட்டும் தரும் தளங்களுக்கும் போக வேண்டாம். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயரில் 'ரன்டைம் 140' போல வந்தால் அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2015, 2017, 2019, 2022 ஆகிய பதிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொகுப்புதான், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது. 64 பிட் விண்டோஸ் என்றாலும் 32 பிட் தொகுப்பையும் சேர்த்தே போடுங்கள், 32 பிட் மென்பொருள் அதைத்தான் தேடும். பழைய மென்பொருள், தான் ஓடத் தேவையான டாட் நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் தொகுப்பைக் கேட்டால் எங்கும் தேட வேண்டாம், 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் டிக் செய்தால் விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

ரொம்பப் பழைய சிடியிலிருந்து போடுகிறவர்களுக்கு ஒன்று: மென்பொருள் 32 பிட் ஆக இருந்தாலும் அதன் இன்ஸ்டாலர் 16 பிட் ஆக இருக்கலாம், அப்படிப்பட்டது 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. கம்பாட்டிபிளிட்டி மோட் மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை.

கோப்பு சிதைந்திருக்கிறது என்று இன்ஸ்டாலரே சொன்னால், தயாரித்தவர்கள் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ 256 மதிப்போடு ஒப்பிடுங்கள், கோப்பின் கைரேகை மாதிரி அது. பவர்ஷெல்லில் 'கெட் ஃபைல் ஹேஷ்' கட்டளை அதைக் கணக்கிட்டுத் தரும், 64 எழுத்துகள் வரும், ஒன்று மாறினாலும் கோப்பு வேறு. ஒரு நண்பர் கம்ப்யூட்டரில் மூன்று தடவை டவுன்லோட் செய்து மூன்று தடவையும் வெவ்வேறு மதிப்பு வந்தது. அதைவிட விசித்திரம், ஒரே கோப்பை இரண்டு முறை கணக்கிட்டாலே இரண்டு விதமாக வந்தது. இணையத்தின் மேல் தப்பில்லை, ரேம் கெட்டுப்போயிருந்தது. 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓடவிட்டோம், உறுதியானது. இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றியதும் மாதக்கணக்கில் இன்ஸ்டால் ஆகாமல் இருந்த மூன்று மென்பொருள்களும் ஆகிவிட்டன.

ஆன்டிவைரஸைப் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். முழுதாக நிறுத்தும் முன் அதன் ஹிஸ்டரியைத் திறந்து, அந்த நேரத்தில் எதையாவது தடுத்ததா என்று பாருங்கள். தடுக்கவில்லை என்றால் நிறுத்துவதால் பெரும்பாலும் எதுவும் மாறப்போவதில்லை.

கடைசியாகப் பெயர் விஷயம். கண்ட்ரோல் பேனலில் யூசர் பெயரை மாற்றினால் ஃபோல்டரின் பெயரும் மாறிவிடும் என்று நினைத்துப் பலர் முயற்சி செய்கிறார்கள், மாறாது, அது கணக்கு உருவாகும்போது வைத்த பெயரிலேயே இருக்கும். இதையே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்தலாம். முதலில் ஆங்கில எழுத்தில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி ஒரு தடவை உள்ளே போய் வாருங்கள், ஃபோல்டர் ஆங்கிலத்தில் உருவாகிவிடும். அப்புறம் கண்ட்ரோல் பேனலில் பெயரை மட்டும் தமிழுக்கு மாற்றுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உள்ளே நுழையும் திரையில் என் பெயர் தமிழிலேயே வருகிறது, அந்தப் பழைய ஸ்கேனர் மென்பொருளும் டெம்ப் மாற்றம் எதுவும் இல்லாமலே ஓடுகிறது.