டிக் எண்ணுவதை விட்ட கெர்னல்

சில ஆண்டுகளுக்கு முன், நான் பராமரித்து வந்த ஒரு சோதனை சர்வரை, அதாவது லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கே.வி.எம். மீது ஓடிய ஒரு லினக்ஸ் வி.எம்.மை (மெய்நிகர் கணினியை), உடன் பணியாற்றியவர் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு இடைநிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மீண்டும் ஓடவிட்டார். அந்த வி.எம்.மைப் பொறுத்தவரை அது இன்னும் வெள்ளிக்கிழமை மாலைதான். 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ளாத, பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் எங்கள் உள்நுழைவுகளை மறுத்துக்கொண்டிருந்தது. நேரத்தைச் சரிசெய்யவென்றே வைத்திருந்த என்.டி.பி. நிரலோ, வித்தியாசம் 1000 நொடியைத் தாண்டிவிட்டதால், இது தன் வேலையில்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றுபோயிருந்தது. அது நிற்காமல் தன் வழக்கமான நொடிக்கு 500 மைக்ரோநொடி என்ற வேகத்தில் கடிகாரத்தை நகர்த்தியிருந்தால், அந்த 63 மணி நேரத்தை ஈடுகட்ட 14 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

முதலில் இதை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பிழை என்றே நினைத்தேன். ஆனால் ஒரு வி.எம்.முக்குள் இருக்கும் கெர்னலுக்கு நேரம் எங்கிருந்து கிடைக்கிறது என்று தேடிப் படித்தபோது, அது தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான பதிலையே சொல்லியிருந்தது என்று தெரிந்தது.

பழைய கெர்னல்கள் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தன. பி.சி.யின் டைமர் சிப் நொடிக்கு ஏறத்தாழ 11,93,182 முறை துடிக்கும். அதைப் பிரித்து, லினக்ஸ் 2.4 நொடிக்கு 100 டிக்குகளும், 2.6 தொடக்கத்தில் 1000 டிக்குகளும் வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு டிக்கும் ஓர் இன்டரப்ட், அதாவது செயலியின் வேலையை இடைமறிக்கும் ஓர் அழைப்பு. அது வந்தவுடன் கெர்னல் தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். உண்மையான வன்பொருளில் இதில் பெரிய குறையில்லை. ஆனால் வி.எம்.மின் செயலி எந்த நேரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை; வி.எம்.களைத் தாங்கும் உண்மையான கணினியான ஹோஸ்ட் அதை ஓரங்கட்டிவிட்டு வேறொரு வி.எம்.முக்கு வாய்ப்பளிக்கும் நேரத்தில் வரவேண்டிய டிக்குகள் தேங்கி நிற்கின்றன. அவற்றைக் கைவிட்டால் கெஸ்டின், அதாவது வி.எம்.மின், கடிகாரம் பின்தங்கும். தேங்கியவற்றை, வி.எம்.களை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர் பிறகு மடமடவென்று கொடுத்துத் தீர்க்க, அதே வேளையில் கெஸ்ட் கெர்னலும் செயலியின் துடிப்புகளை எண்ணும் டி.எஸ்.சி. எண்ணியைப் பார்த்து டிக்குகள் விடுபட்டதைத் தானே கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டால், ஒரே இழப்பு இருமுறை ஈடுசெய்யப்பட்டுக் கடிகாரம் முன்னே ஓடிவிடும். இரண்டு பேர் தனித்தனியே உப்புப் போட்ட சாம்பார்தான் அது. போதாக்குறைக்கு, ஒரு ஹோஸ்டில் சும்மா கிடக்கும் 20 வி.எம்.கள் நொடிக்கு 20,000 இன்டரப்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். இதைத் தணிக்க, ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 5ஆம் பதிப்பைப் பயன்படுத்தியவர்கள் பூட் வரியில் 'டிவைடர்=10' என்று சேர்த்து டிக்குகளைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

2006, 2007இல் கெர்னல் நேரத்தை எண்ணுவதை விட்டு, ஓர் எண்ணியிலிருந்து படித்துக்கொள்ளும் முறைக்கு மாறியது. 2008இல் வந்த 2.6.26 பதிப்பின் கே.வி.எம். கடிகாரம் அதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கெஸ்ட் தன் நினைவகத்தில் ஒரு சிறு இடத்தை ஹைப்பர்வைசருக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஹைப்பர்வைசர் அதில், டி.எஸ்.சி. இந்த எண்ணில் இருந்தபோது நேரம் இத்தனை நானோநொடி என்றும், இனி வரும் துடிப்புகளை நானோநொடியாக மாற்ற இந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்றும் எழுதிவைக்கிறது. கெஸ்டுக்கு நேரம் தேவைப்படும்போது, டி.எஸ்.சி.யைப் படித்து, வித்தியாசத்தைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டால் போதும். ஹைப்பர்வைசரை எழுப்பவே வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு பதிப்பு எண்ணும் உண்டு. அது ஒற்றைப்படையாக இருந்தாலோ, படித்து முடிப்பதற்குள் மாறியிருந்தாலோ, எழுதும் வேலை நடுவில் இருந்தது என்று பொருள். கெஸ்ட் மறுபடி படிக்கும். பூட்டே போடாமல் இவ்வளவு ஒழுங்கு.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தனித்தனிக் குறிப்பு இருந்ததால், ஒரு செயலியில் பார்த்த நேரத்தைவிட இன்னொன்றில் பார்க்கும் நேரம் சில நானோநொடி பின்னால் இருக்கக்கூடும். நேரம் பின்னோக்கிப் போகாமலிருக்க, கடைசியாகச் சொன்ன நேரத்தை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். எல்லாரும் அதையே மொய்த்ததால் அதுவே தடங்கலானது. பிறகு, ஹோஸ்டின் டி.எஸ்.சி.கள் ஒத்திசைந்திருக்கின்றன என்று ஹைப்பர்வைசர் உறுதியளிக்க ஒரு பிட் ஒதுக்கப்பட்டது. அது இருந்தால் ஒப்பீடு தேவையில்லை. இன்றைய செயலிகளில் டி.எஸ்.சி. நிலையான வேகத்தில் ஓடுவதால், புதிய கெர்னல்கள் பல நேரம் இந்தக் குறிப்பையும் விட்டுவிட்டு நேரடியாக டி.எஸ்.சி.யையே நம்புகின்றன.

இனி என் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வி.எம். நிறுத்தப்படும்போது கே.வி.எம்.முடன் சேர்ந்து வி.எம்.மை இயக்கும் க்யூ.இ.எம்.யு. நிரல் இந்தக் கடிகாரத்தின் மதிப்பைச் சேமித்து, மீண்டும் ஓடும்போது அதே மதிப்பிலிருந்து தொடர வைக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் 63 மணி நேரத்துக்குள் காலாவதியாக வேண்டிய டைமர்கள் எல்லாம் ஒரே நொடியில் வெடித்திருக்கும். ஆக, 'எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறேன்' என்ற கேள்விக்குக் கெர்னலின் பதில் சரி. 'இப்போது மணி என்ன' என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலைக் கெர்னல் பூட் ஆகும்போது ஒருமுறை வாங்கிக்கொண்டு, பிறகு முதல் கேள்வியின் பதிலை அதனோடு கூட்டிக்கொண்டே போகிறது.

இப்போது எங்கள் வி.எம்.களில், 2017இல் லினக்ஸ் 4.11இல் சேர்ந்த வசதியின் வழியாக ஹோஸ்டின் கடிகாரத்தையே, நேரத்தைச் சரிசெய்யும் நிரலான க்ரோனி படிக்கிறது. வித்தியாசம் ஒரு நொடியைத் தாண்டினால், எப்போது வேண்டுமானாலும் தாவிச் சரிசெய்ய அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். டேட்டாபேஸ் ஓடும் இரண்டு வி.எம்.களுக்கு மட்டும் அந்த அனுமதி இல்லை. அவற்றை யாரும் என்னைக் கேட்காமல் இடைநிறுத்தக் கூடாது என்று குழுவில் சொல்லிவைத்திருக்கிறேன்.